ஈகையா, கடனா?

ஆடற்குழு ஒன்று நகரத்தின் பெரிய அரங்கிலே ஆடுகிறது. நுழைவுச் சீட்டு வாங்க வசதி படைத்தோர் உள்ளே அமர்ந்து காண்கின்றனர், கைதட்டுகின்றனர், களிப்போடு வீடு திரும்புகின்றனர். மறுநாள் அதே குழுவினர், ஏழைச் சிறுவர் பயிலும் பள்ளியொன்றுக்குச் செல்கின்றனர்; காசு ஏதும் பெறாமல் ஆடிக் காட்டுகின்றனர்; ஆடவும் கற்றுத் தருகின்றனர். கண்டோர் நெஞ்சு நெகிழ்கிறது. "என்னே இவர்தம் ஈகை! என்னே இவர்தம் தொண்டுள்ளம்!" என்று பாராட்டுரை பொழிகின்றனர்.

பாராட்டட்டும், நாம் தடுக்கவில்லை. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. அது ஈகைதானா? அல்லது, என்றோ வாங்கிய கடனை இன்று திருப்பித் தருவதா?

சொல்லில் என்ன இருக்கிறது என்று எவரேனும் கேட்கக்கூடும். இருக்கிறது, தோழர்களே! ஈகை பெறுவோன் குனிந்து நிற்கிறான். தந்த கடனைத் திரும்பப் பெறுவோன் நிமிர்ந்து நிற்கிறான். ஈகையை, மனம் இருந்தால் தரலாம், மனம் மாறினால் நிறுத்தலாம்; கேட்பார் இல்லை. கடனோ மனநிலையைப் பொறுத்ததன்று, தீர்த்தாக வேண்டும். ஒரே செயலுக்கு இருவேறு பெயரிடும்போது, பெறுவோரையும் தருவோரையும் இருவேறு மனிதர்களாக்கி விடுகிறோம். ஆகவே பெயரை ஆராய்வது வீண் வேலையன்று. அறத்தை ஆராய்வதே ஆகும்.

வெட்டவெளியில் வாதிடுவதைவிட, கண்முன் நிற்கும் ஒரு குழுவை எடுத்துக்கொண்டு ஆராய்வோம். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் இயங்கும் 'ஆல்வின் எய்லி அமெரிக்கன் டான்ஸ் தியேட்டர்' என்பது அதன் பெயர். 1958-இல் தோன்றியது. கறுப்பின மக்களின் வாழ்வையும் வாட்டத்தையும் வீறையும் நவீன நடனமாக்கி உலக அரங்குகளில் ஏற்றியது.

ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்களில், நியூயார்க்கின் 'சிட்டி சென்டர்' அரங்கில் இக்குழுவின் ஆடல்விழா நடைபெறுகிறது. ஏறத்தாழ ஐந்து வாரம், புத்தாண்டு பிறக்கும் வரையில், புதிய படைப்புகளும் பழைய படைப்புகளும் மாறி மாறி மேடையேறுகின்றன. பெரும்பாலான இரவுகளில் இறுதியாக ஆடப்படுவது 'ரெவலேஷன்ஸ்' — 'வெளிப்பாடுகள்' என்னும் படைப்பு. அது முடியும்போது அரங்கமே எழுந்து நிற்பது வழக்கமாகி விட்டது.

அந்த அரங்கின் வரலாறும் அறியத்தக்கதே. 1923-இல் 'ஷ்ரைனர்' என்ற சங்கத்தார் தமக்கென்று எழுப்பிய மாளிகை அது. வரி செலுத்த இயலாத நிலை அவர்களுக்கு வந்தபோது, நகராட்சியின் கைக்கு மாறியது. 1943-இல் மேயர் லா கார்டியா, உழைத்துப் பிழைக்கும் மக்களும் குறைந்த கட்டணத்தில் உயர்ந்த கலையைக் காணட்டும் என்று, அதனை மக்கள் அரங்கமாக்கித் திறந்து வைத்தார். இன்று அங்கே எல்லாச் சீட்டும் எளியோர் கைக்கு எட்டும் விலையில் உள்ளன என்று கூறிவிட முடியாது. ஆயினும், மக்களுக்கென்று திறக்கப்பட்ட வாயில் அது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

குழுவின் பணி அரங்கோடு முடிவதில்லை. மன்ஹாட்டனில், 55-ஆம் தெருவும் ஒன்பதாம் அவென்யூவும் சந்திக்கும் முனையில் அதன் இல்லம் நிற்கிறது. தெருவோடு போவோர், உள்ளே பயிற்சி நடப்பதைக் கண்ணாடிச் சுவர் வழியே காணலாம். 2005 முதல் அங்கே, இதற்கு முன் ஒருநாளும் ஆடியறியாதவரும் சேர்ந்து பயிலத்தக்க வகுப்புகள் நடைபெறுகின்றன. பள்ளிகளுக்குச் சென்று ஆடுகின்றனர். ஆசிரியரும் மாணவரும் கூடிப் பயிலப் பாடமுறை வகுத்துள்ளனர். கோடைக்காலத்தில் சிறுவர்க்கு முகாம் நடத்துகின்றனர். இவையெல்லாம் மேடைப் பணிக்கு வால்போல் ஒட்டிக்கொண்ட தருமகாரியமா? மேடைப் பணிக்கே வேராக விளங்குவனவா? இதற்கு விடை காண, இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

ஆல்வின் எய்லி 1931-ஆம் ஆண்டு சனவரி 5-ஆம் நாள், டெக்சாஸ் மாநிலத்து ரோஜர்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். அடிமைகள் விடுதலை பெற்றனர் என்ற செய்தியே அந்த மாநிலத்தில் 1865 சூன் 19 அன்றுதான் முறைப்படி அறிவிக்கப்பட்டது. இடைப்பட்டவை 66 ஆண்டுகளே. விலங்கு அறுந்தது, வேலி அறுபடவில்லை. பள்ளி தனி, இருக்கை தனி, குடிநீர்க்குழாய் தனி என்று நிறத்தால் மனிதரைப் பிரித்து வைத்த சட்டங்கள் ஆட்சி செய்த காலம் அது. கைக்குழந்தையாய் இருந்தபோதே தந்தை பிரிந்தார். தாய் லூலா, பருத்திக் காட்டில் பஞ்செடுத்தும் பிறர் வீட்டில் பணி செய்தும் மகனை வளர்த்தார். சிறுவனும் பஞ்செடுத்தான். பகலெல்லாம் காட்டில் வெயில். சனி இரவானால் ஆட்டமும் பாட்டுமாய்க் கொண்டாட்டம். ஞாயிறானால் தேவாலயத்தில் கூட்டப் பாட்டு. அந்தச் சிறுவன் கண்ட உலகம் இவ்வளவே.

பின்னர்த் தாயும் மகனும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தனர். கறுப்பின நடன மேதை கேத்தரின் டன்ஹாமின் ஆடலைக் கண்ட இளைஞர் எய்லி, தம்மைப் போன்றோரும் மேடையில் நிமிர்ந்து நிற்கலாம் என்று உணர்ந்தார். லெஸ்டர் ஹார்ட்டன் என்பாரிடம் ஆடல் பயின்றார். வெள்ளையர், கறுப்பர் என்று வேற்றுமை பாராமல் அனைவரையும் ஒரே கூடத்தில் சேர்த்துப் பயிற்றுவித்தவர் ஹார்ட்டன்; அமெரிக்க நாட்டில் அவ்வாறு செய்த முன்னோடிகளில் ஒருவர். 1953-இல் அவர் மறைந்தபோது, குழுவை நடத்தும் பொறுப்பு எய்லியின் தோளில் விழுந்தது. 1954-இல் நியூயார்க் சென்றார். 1958 மார்ச் 30 அன்று, 92-ஆம் தெருவிலுள்ள யூத இளைஞர் மன்ற அரங்கில், தம் குழுவின் முதல் நிகழ்ச்சியை நடத்தினார். அன்று ஆடப்பட்ட 'புளூஸ் சூட்', அந்தச் சனி இரவுகளின் ஆட்டத்திலிருந்து பிறந்தது. 1960 சனவரி 31 அன்று அதே அரங்கில் 'ரெவலேஷன்ஸ்' மேடையேறியது. அது ஞாயிற்றுக்கிழமைகளின் பாட்டிலிருந்து பிறந்தது. எய்லிக்கு அப்போது வயது 29.

அதற்கு மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? 1960 பிப்ரவரி 1. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில், வெள்ளையர்க்கு மட்டுமே உணவு பரிமாறிய 'உல்வொர்த்' கடையின் இருக்கையில் நான்கு கறுப்பின மாணவர்கள் சென்று அமர்ந்தனர். உணவு கேட்டனர், மறுக்கப்பட்டது, எழாமல் இருந்தனர். அந்த அமர்வுப் போராட்டம் சில வாரங்களிலேயே பல நகரங்களுக்குப் பரவியது. ஆடியவரும் அமர்ந்தவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு செய்ததன்று அது. அடுத்தடுத்த நாட்களில் நிகழ்ந்தது தற்செயலே. ஆனால் இரண்டையும் பிறப்பித்த மண் ஒன்று. ஒரு மக்கட்கூட்டம், "நாங்கள் மனிதர், எங்களை ஏறெடுத்துப் பார்" என்று எழுந்து நின்ற காலம் அது. சிலர் இருக்கையில் அமர்ந்து அதைக் கூறினர். சிலர் மேடையில் ஆடிக் கூறினர்.

ரெவலேஷன்ஸ் ஏறத்தாழ 36 நிமிடம் ஆடப்படுகிறது. முதற்பகுதியில், மண்ணின் நிறத்து உடையில் ஆடுவோர் நெருங்கிக் குவிந்து நிற்கின்றனர். கைகள் சிறகுகளாய் விரிகின்றன. உடல்களோ தரையை நோக்கித் தாழ்கின்றன. மேலே எழ முயலும் உடலையும் கீழே இழுக்கும் சுமையையும் ஒருசேரக் காட்டுகின்றனர். இரண்டாம் பகுதியில் வெண்ணிற உடை. மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீண்ட துணிகள் அலையாய் அசைந்து ஆறாகின்றன. பெரியதொரு வெண்குடை நடுவே உயர்கிறது. மூன்றாம் பகுதியில் மஞ்சள் உடுத்திய பெண்கள், தொப்பியும் விசிறியுமாய், முக்காலிகளில் அமர்ந்து, புழுக்கத்தைப் பழித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுகின்றனர், பேச்சு ஆட்டமாகிறது, ஆட்டம் கொண்டாட்டமாகிறது.

இங்கே நாம் கேட்க வேண்டியது: இந்த அசைவுகள் யாருடையவை? பஞ்செடுத்துக் கூன் விழுந்த முதுகு யாருடையது? பாட்டின் தாளத்துக்கு முன்னும் பின்னும் அசைந்த உடல் யாருடையது? விசிறியை வீசிய கை யாருடைய கை? அரண்மனையில் வளர்ந்ததன்று இது. பல்கலைக்கழகப் பாடநூலில் இருந்ததுமன்று. பெயர் பொறிக்கப்படாத, படம் எடுக்கப்படாத, பரிசு வழங்கப்படாத மக்கள் தம் உடம்பில் சேர்த்து வைத்த செல்வம் இது. குருதியில் ஊறிய நினைவுகள் என்றே எய்லி இவற்றைக் குறிப்பிட்டார். ஆடல் மக்களிடமிருந்து வந்தது. மக்களிடமே திருப்பிச் சேர்க்கப்பட வேண்டும் என்பது அவர் வாழ்நாள் முழுதும் வலியுறுத்திய கொள்கை. 'கொடுக்க' வேண்டும் என்று கூறினாரில்லை. 'திருப்ப' வேண்டும் என்றார். ஈகையாளன் பேச்சன்று அது, கடனறிந்தவன் பேச்சு.

மறுப்புரைகள் வரும், வரட்டும். ஒவ்வொன்றாய்ச் சந்திப்போம்.

"மண் மக்களுடையதாய் இருக்கலாம், பானை குயவனுடையதன்றோ? பருத்தி எடுத்தவன் வேறு, ஆடை நெய்தவன் வேறு. கலைஞனின் உழைப்பையும் மக்கள் கணக்கிலேயே எழுதிவிடலாமா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நெய்தவனுக்கு நெய்த கூலி உண்டு. எவரும் அதை மறுக்கவில்லை. ஆடுவோர் பசித்த வயிற்றோடு ஆட வேண்டும், கலைக்காக வறுமையை அணைத்துக்கொள்ள வேண்டும் என்று கூறுவது கலைப்பற்றன்று. கலைஞரைச் சுரண்டும் தந்திரம். எய்லியின் குழுவே 1970-இல் பணமுடையால், கலைக்கப்படுவதாக அறிவிக்கும் நிலைக்கு வந்தது. பின்னர்த் தப்பிப் பிழைத்தது. ஆகவே சீட்டு விற்கட்டும், ஊதியம் பெறட்டும். ஆனால் நெய்த கூலியைக் கணக்கிட்டவர்கள், பருத்தியின் விலையைக் கணக்கிட மறந்துவிடலாகாது. பருத்தி எடுத்தவளுக்கு அன்றும் கூலி குறைவு. இன்று அவள் பேரன் பேத்தி அந்த ஆடையைக் கண்ணாலும் காண இயலாவிடில், அது இரண்டாம் முறை நடக்கும் அநீதி.

"கடன் கொடுத்தவர்கள் இறந்து போயினர், 1931-இல் ரோஜர்ஸ் ஊரில் பாடியவர்கள் இன்று எங்கே? இன்றைய நகரத்துச் சிறுவன் எப்படிக் கடன்காரனை வழிமறிக்க முடியும்?" என்பது அடுத்த கேள்வி. மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் பேசும் ஒவ்வொரு சொல்லும் முன்னோர் தந்தது. அவர்களிடம் அதைத் திருப்பித் தர இயலுமா? இயலாது. பின்வருவோர்க்குக் குறைவின்றித் தருவதன்றி வேறு வழியில்லை. நாம் சொந்த முயற்சியால் ஈட்டாத செல்வங்கள் எல்லாவற்றுக்கும் இதுவே விதி. முன்னே இருந்தவர்களிடம் வாங்குகிறோம். பின்னே வருபவர்களிடம் செலுத்துகிறோம். கொடுத்தவர் மறைந்தார் என்பதால் கடன் தள்ளுபடி ஆகிவிடுமானால், உலகில் எந்தத் தலைமுறையும் எந்தத் தலைமுறைக்கும் எதுவும் செய்ய வேண்டியதில்லை!

"கலையைத் தெருவுக்குக் கொண்டு சென்றால் தரம் தாழும், மக்களுக்கு விளங்க வேண்டும் என்று எளிதாக்கினால் நயம் கெடும்" என்று உரைப்பார் உளர். கலை கலைக்காகவே என்ற கட்சியினர் அவர். அவர்க்கு விடை சொல்ல வாதம் எதற்கு? ஓர் ஆடலே போதும். 1971-இல் எய்லி 'கிரை' — 'கதறல்' — என்ற தனியாடலை அமைத்தார். தம் தாய்க்குப் பிறந்தநாள் பரிசாக. எங்குமுள்ள கறுப்பினப் பெண்களுக்கு, சிறப்பாகத் தாய்மார்களுக்கு, அதை உரிமையாக்கினார். ஜூடித் ஜேமிசன் என்ற மங்கை, ஏறத்தாழ 16 நிமிடம், ஓய்வின்றி ஒற்றை ஆளாய் ஆடினார். கையில் நீண்டதொரு வெண்துணி. அது போர்வையாகிறது; தலைப்பாகையாகிறது; பிறகு, மண்டியிட்டுத் தரையைத் தேய்த்துத் துடைக்கும் கந்தையாகிறது. பிறர் வீட்டுத் தரையைத் துடைத்த தாயின் கை அசைவு, உலகின் பெரிய மேடைகளில் ஏறி நின்றது. பயிற்சியில் தேர்ந்த உடலன்றி வேறெதுவும் ஆடமுடியாத கடுமையான ஆடல் அது. ஆயினும் தரை துடைத்தறிந்த எந்தப் பெண்ணுக்கும் அது விளங்கும். அருமையும் எளிமையும் பகைவர் அல்லர். மக்களுக்கு விளங்காது என்று கூறுவோர், பெரும்பாலும், மக்களை அழைத்துக் காட்டிப் பார்த்தவரல்லர்.

இனி, நம் பகுத்தறிவுத் தோழர்கள் எழுப்பக்கூடிய கேள்வி. "ரெவலேஷன்ஸ் முழுதும் தேவாலயப் பாட்டு; ஆற்றில் முழுகும் சடங்கு; ஞாயிற்றுக்கிழமை வழிபாடு. கடவுளை ஏற்காத நாம் இதை எங்ஙனம் போற்றுவது?" கேட்கத்தான் வேண்டும், கேட்காமல் கைதட்டுவது நமக்கு அழகன்று.

வரலாற்றைப் பாருங்கள். 1739-இல் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அடக்கி ஒடுக்கிய பின், 1740-இல் ஆள்வோர் ஒரு சட்டம் இயற்றினர். அடிமைகள் கூடுவதைத் தடுத்தனர். எழுதக் கற்பிப்பதைத் தடுத்தனர். முரசு அடிப்பதையும் கொம்பு ஊதுவதையும்கூடத் தடுத்தனர். ஏன்? முரசொலி கூட்டம் சேர்க்கும் என்ற அச்சம்! முரசு பறிக்கப்பட்டபோது மக்கள் கைதட்டினர், காலால் தட்டினர், குரலால் தாளம் எழுப்பினர். கூடிநிற்க வேறு இடம் கிடைக்காதபோது, வழிபாட்டுக் கூட்டமே அவர்களுக்குக் கூடம் ஆயிற்று. வேதக்கதையில் மோசே என்பான் அடிமை மக்களை எகிப்திலிருந்து மீட்டான் என்று கேட்டபோது, அதில் தம் கதையைக் கண்டனர். அடிமைகள் பலரை இரவோடிரவாக வழிநடத்தி விடுதலை நாட்டுக்குக் கொண்டு சேர்த்த வீராங்கனை ஹேரியட் டப்மனை, 'மோசே' என்றே அழைத்தனர். வானத்திலிருந்து எவரும் இறங்கி வரவில்லை. ஒரு பெண் இருளில் நடந்தாள், மனிதர் விடுபட்டனர்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது, பாட்டில் கூறப்பட்ட கடவுளை ஒப்புவதன்று. பாடிய மனிதனை மதிப்பது. மதம் அவனுக்குப் பொறுமையையும் போதித்திருக்கும், அடங்கிக் கிடக்கவும் பணித்திருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அடங்கு என்று தரப்பட்ட நூலிலிருந்தே எழு என்ற பொருளை உருவி எடுத்தானே, அந்த அறிவு மனித அறிவு. நாம் தலைவணங்குவது அதற்கே. எய்லியின் ஆடலும், நம்பு என்று நம்மைக் கேட்கவில்லை. இவர்கள் இப்படி வாழ்ந்தனர், பார் என்று கேட்கிறது. பார்ப்பது பகுத்தறிவுக்கு ஒவ்வாத செயலா? பார்க்க மறுப்பதே ஒவ்வாதது.

மற்றொரு மறுப்பு, எல்லாவற்றினும் கடுமையானது. "இந்தக் குழு ஆள்வோர் பணத்திலும் செல்வர் நன்கொடையிலும் வாழ்கிறது. கடனாளி என்கிறீர், அவரே பிறர் ஈகையில் நிற்கிறாரே!" ஆம், உண்மை. 1962-இல் அமெரிக்க அரசு எய்லியின் குழுவைத் தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பியது. "எங்கள் நாட்டில் கறுப்பரும் கலைஞராய்த் திகழ்கின்றனர், காணீர்!" என்று உலகுக்குக் காட்டிக்கொள்ள அரசுக்கு அந்தப் பயணம் பயன்பட்டது. அதே ஆண்டில், அதே நாட்டின் தென் மாநிலங்களில், அந்தக் கலைஞர்கள் விரும்பிய உணவு விடுதியில் அமர்ந்து உண்ண முடியாது. பொது இடங்களில் நிறப்பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1964-இல்தான் வந்தது. வெளிநாட்டில் தூதர், உள்நாட்டில் தீண்டத்தகாதார்! இந்த முரண் எவர் கண்ணிலும் உறுத்தும்.

ஆயினும் எண்ணிப் பாருங்கள்: அரசு அவர்களைக் காட்டிக்கொள்ள நேர்ந்ததே, அவர்களிடம் காட்டத்தக்க ஒன்று இருந்ததால்தானே? அந்த ஒன்றை அவர்க்குத் தந்தது அரசா? பருத்திக் காடு தந்தது. செல்வர் இன்று தரும் நன்கொடையும் அப்படியே. நாட்டின் செல்வத்தில் பெரும்பங்கு, கூலியே பெறாத கைகளால் குவிக்கப்பட்டது என்பதை உணர்ந்தால், நன்கொடை என்பதும் பழங்கணக்கில் ஒரு சிறு வரவே ஆகும். ஆகவே வாங்கட்டும். வாங்கிய பின் யாருக்குப் பணிகின்றனர் என்பதே நாம் பார்க்க வேண்டியது. பணம் கொடுத்தவர்க்குப் பணிந்து ஆடலின் பொருளை மாற்றினால், அது விலைபோதல். பணத்தை வாங்கி, பொருளை மாற்றாமல், உரியவரிடம் கொண்டு சேர்த்தால், அது கடன் தீர்த்தல்.

உரியவரிடம் சேர்க்கப்படுகிறதா? இங்கேதான் அந்தக் கோடை முகாமைப் பார்க்க வேண்டும். 1989-இல் கான்சஸ் நகரில் 'எய்லி கேம்ப்' தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் எய்லி மறைந்தார்; வயது 58. முகாம் மறையவில்லை, நகரம் நகரமாய்ப் பரவியது. 11 முதல் 14 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர், ஆறு வாரம், கட்டணம் இன்றிப் பயில்கின்றனர். நடனம் மட்டுமன்று, மனத்திலுள்ளதை எழுதவும் பேசவும் பழகுகின்றனர், தம்மைத் தாமே மதிக்கவும் பழகுகின்றனர். என்னால் இயலாது என்ற சொல்லால் என் எல்லையை வரையேன் என்ற கருத்தில் நாள்தோறும் உறுதி கூறுகின்றனர்.

இவர்களெல்லாம் ஆடற்கலைஞர் ஆகவேண்டும் என்பது முகாமின் நோக்கமன்று. சிகாகோ நகரத்து முகாமில்தான் முதன்முதல் ஆடலை அறிந்த சாலமன் டூமாஸ் என்ற இளைஞர், பின்னர் இந்தக் குழுவிலேயே சேர்ந்து மேடையேறினார்; கேட்க மகிழ்ச்சிதான். ஆயினும் முகாமின் வெற்றியை அந்த ஒருவரை வைத்து அளப்பது தவறு. மேடை ஏறாதோர் பல்லாயிரவர். அவர்களுக்கு என்ன கிடைத்தது? ஒரு கூடத்தில் நிமிர்ந்து நிற்கும் உடல் கிடைத்தது. தம் பாட்டியின் நடையும் தம் தெருவின் தாளமும் கேலிக்குரியனவல்ல, கலைக்குரியன என்ற அறிவு கிடைத்தது. அது கிடைத்த சிறுவன் கைகட்டி நன்றி கூறத் தேவையில்லை. தன் வீட்டுப் பொருளைத் தன் கையில் வாங்குகிறவன் அவன்.

கடன் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் பொருள் எங்களுக்கே, பிறர் தொடாதீர்" என்று வேலி கட்டலாமா? எய்லி கட்டவில்லை. 1960-களிலேயே தம் குழுவில் வெள்ளையரையும் ஆசியரையும் சேர்த்துக்கொண்டார்; அதற்காகக் குறைகூறப்படவும் செய்தார். ஒரு மக்களின் துயரை ஆடப் பிற மக்களும் கற்றால், துயரின் பெருமை குறையாது; அதை உணரும் மனிதர் தொகை கூடும். கடனைத் தீர்க்கும்போது யாருடையது என்ற கணக்கை மறைக்கக்கூடாது. கணக்கு வெளிப்படையாய் இருக்குமானால் விருந்துக்கு எல்லாரும் வரலாம். யாருடைய ஆடல் என்பதை மறைத்துவிட்டுப் பிறர் பெயரில் ஆடுவதே திருட்டு. பெயரைச் சொல்லிச் சேர்ந்து ஆடுவது தோழமை.

கடன் ஒருவரோடு முடிவதுமன்று. எய்லிக்குப் பின் ஜூடித் ஜேமிசன் 2011 வரை குழுவை நடத்தினார். அடுத்து ராபர்ட் பேட்டில் 2023 வரை. 2025-இல் அலிசியா கிராஃப் மேக் பொறுப்பேற்றார். ரெவலேஷன்ஸ் 1960-இல் ஒரு மன்றத்து அரங்கில் தொடங்கி, பல கண்டங்களைக் கண்டுவிட்டது. இரண்டரைக் கோடி மக்களேனும் தம் ஆடல்களைக் கண்டிருப்பர் என்று குழுவினர் மதிப்பிடுகின்றனர். பெருமைதான். ஆனால் கடனாளிக்குப் பெருமை பெருகப் பெருக, கடனும் பெருகுகிறது. உலகம் கைதட்டுகிற ஒவ்வொரு முறையும், அந்தக் கைதட்டலில் ஒரு பங்கு, ரோஜர்ஸ் ஊரின் பருத்திக் காட்டில் பஞ்செடுத்த மக்கள் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும்.

தோழர்களே! மன்றம் நடத்துவோர், நாடகம் போடுவோர், படிப்பகம் வைப்போர், மாலைப்பள்ளியில் கற்பிப்போர் நம்மிடையே பலர். மக்களிடம் செல்லும்போது நம் நெஞ்சில் எந்தச் சொல் இருக்கிறது என்று ஒருகணம் பார்ப்போம். ஈகை என்ற சொல் இருந்தால், நன்றி கிடைக்காதபோது கோபம் வரும். கூட்டம் குறைந்தால் சலிப்பு வரும். "இவர்களுக்காக எவ்வளவு செய்தோம்" என்ற புலம்பல் வரும். கடன் என்ற சொல் இருந்தால், கோபத்துக்கு இடமில்லை. தீர்க்க வேண்டியது இன்னும் எவ்வளவு என்ற கணக்கே நினைவில் நிற்கும். நாம் பேசும் மொழியும், எழுதும் எழுத்தும், கேள்வி கேட்கும் துணிவும், கூலி குறைவாய்ப் பெற்றோர், பெயர் எழுதப்படாதோர் பலர் சேர்த்து வைத்ததிலிருந்து நாம் எடுத்துக்கொண்டவையே. எடுத்ததைத் திருப்புவோம். பெறுவோர் நம்முன் குனியாதபடி, நிமிர்ந்து நின்று பெறும்படி திருப்புவோம்.